தாசில்தார் என்ற கோழியும் ஒரு கைப்பிடி கூப்பரைட்டும்

கரட்டுப்புதூரில் அந்தக் கோழிக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தது யார் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் பெயர் பொருந்தவில்லை என்று யாரும் சொன்னதில்லை. விடிந்ததும் சங்கவி கூண்டைத் திறந்துவிடுவாள். மற்றக் கோழிகள் தீனித் தட்டைப் பார்த்து அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடும். தாசில்தார் ஓடாது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வேலியோரமாக ஒரு சுற்று, வரப்பின்மேல் ஒரு சுற்று, பிறகு கரட்டின் அடிவாரம் என்று நிலத்தைப் பார்வையிடக் கிளம்பிவிடும். நடுவில் சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் தரையை முறைக்கும். பிறகு ஒரே கொத்து. கொத்தியது புழுவும் இல்லை, தானியமும் இல்லை. கடுகளவு ஒரு சாம்பல் நிறக் கல்.

கல்லுக்குப் பெயர் கூப்பரைட். பிளாட்டினமும் கந்தகமும் சேர்ந்து பிறந்த கனிமம். இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டில் பெட்ரோல் ஸ்கூட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். தெருவில் ஓடுவதெல்லாம் ஹைட்ரஜன் வண்டி. ஒவ்வொரு வண்டியின் வயிற்றிலும் ஒரு சிட்டிகை பிளாட்டினம் இல்லாமல் அது நகராது. ஆகவே உலகம் முழுக்கப் பிளாட்டினத்துக்கு அலைந்துகொண்டிருந்தது. நாமக்கல் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன ஊரின் வெள்ளைக் கரடு என்கிற குன்றில், பாறைக்குள் ஓடும் கறுப்புக் கோடுகளில், கூப்பரைட் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஊருக்குத் தூக்கம் போய்விட்டது. கரட்டை உடைத்தால் காடு போகும், கிணறு போகும், ஊரே போகும்.

அப்போது வந்து சேர்ந்தவள்தான் நிரஞ்சனா. கால்நடை மருத்துவம் படித்து, பிறகு மரபியலில் ஆராய்ச்சி செய்தவள். கிராம சபைக் கூட்டத்தில் ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரே சிரித்தது.

"கோழிக்குப் பல்லு கிடையாதுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். "வயித்துக்குள்ள அரைவைப்பைன்னு ஒண்ணு இருக்கு. சின்னச் சின்னக் கல்லை முழுங்கி அதுல வெச்சுக்கிட்டுத்தான் தீனியை அரைக்குது. எந்தக் கல்லுன்னு அதுவே பார்த்துப் பொறுக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாத நிறமெல்லாம் அது கண்ணுக்குத் தெரியும். நான் அந்தக் கண்ணுல ஒரே ஒரு மாத்தம் பண்ணியிருக்கேன். மழைக்குக் கரட்டுலருந்து உதிர்ந்து மண்ணோட மண்ணாக் கிடக்கிற கூப்பரைட்டு, இதுக்கு மட்டும் மக்காச்சோளமாட்டம் பளிச்சுன்னு தெரியும்."

"வயித்துல கரைஞ்சு போயிராதுங்களா?" என்று வார்டு மெம்பர் கேட்டார்.

"தங்கத்தையே கரைக்கிற ராஜத்திராவகம்னு ஒரு அமிலம் இருக்குங்க. அதுவே கூப்பரைட்டை ஒண்ணும் பண்ண முடியாது. கோழி வயித்து அமிலம் எந்த மூலைக்கு? அதோட, இது தண்ணியைவிட ஒன்பதரை மடங்கு கனம். மத்த கல்லெல்லாம் தேஞ்சு வெளிய போயிரும். இது மட்டும் ஓரம் மழுங்கி, உருண்டையாகி, அடியில உக்காந்துக்கும். சேர்ந்துக்கிட்டே இருக்கும்."

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த சங்கவி கையைத் தூக்கினாள். ஐம்பது வயது, கணீரென்ற குரல். "அப்பறம் அந்தக் கல்லை எப்பிடிங் வெளிய எடுக்கறது?"

நிரஞ்சனா கொஞ்சம் தயங்கினாள். "முட்டையிடற காலம் முடிஞ்சப்பறம்..."

"அறுக்கோணும்."

"ஆமாங்க்கா."

கோழியை அறுப்பது ஒரு விஷயமா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பணம் போட்ட ஒளிமணி மினரல்ஸ் கம்பெனியின் ஆள் எழுந்து நின்று, கரட்டில் ஒரு கல்லைக்கூட உடைக்க மாட்டோம், கோழியே போதும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கிராம சபை ஒருமுறை முயன்று பார்க்க ஒப்புதல் கொடுத்தது. நாற்பது கோழிகள் வீடு வீடாகப் போயின. ஒவ்வொன்றின் காலிலும் ஒரு வளையம். அது எங்கே நின்றது, எங்கே கொத்தியது, வயிற்றில் எவ்வளவு கனம் சேர்ந்தது என்பதை எல்லாம் அந்த வளையம் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

அறுப்பது ஒரு விஷயமா என்று தலையாட்டியவர்கள், ஒன்றரை வருஷத்தில் அந்தத் தலையாட்டலை மறந்து போனார்கள். கோழிகளுக்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்த பிறகு அறுப்பது அவ்வளவு சுலபமில்லை. சங்கவி வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த நிரஞ்சனாவுக்கே அதுதான் கதி. சாயங்காலம் சங்கவி டிவி முன்னால் உட்கார்ந்தால், தாசில்தார் வந்து அவள் மடியில் ஏறிக்கொள்ளும். விளம்பரம் வந்தால் இறங்கிப் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்து நிரஞ்சனா கோழிக்கறி தின்பதை விட்டுவிட்டாள். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இதெல்லாம் ஆகாது என்று தன்னைத்தானே திட்டிக்கொள்ளவும் செய்தாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஒரு மலையை உடைக்காமல் உலோகம் எடுக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டப் போகிறாள். பத்து வருஷ உழைப்பு. அதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், வெளிநாட்டு வேலையை விட்டாள், அம்மாவிடம் வாங்காத வசவில்லை.

நாற்பதில் தாசில்தாருக்கு ஈடு எதுவும் இல்லை. அதன் வயிற்றில் ஒரு கைப்பிடி கூப்பரைட் சேர்ந்துவிட்டதென்று வளையம் சொன்னது. கோழியை உயிரோடு எடுத்துப் போக ஒளிமணி மினரல்ஸ் ஆள் அனுப்பியது.

*

வந்தவன் பெயர் அதர்வன். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, களைத்த முகம், கையில் ஒரு டேப்லெட். காரிலிருந்து இறங்கும்போதே சங்கவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாங்கோ, வாங்கோ. தண்ணி குடிங்கோ. வெய்யில்ல வந்திருக்கீங்க. சாப்புட்டுட்டுத்தான் போகோணும். நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறனுங்."

இதைச் சங்கவி யோசித்துச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் தூரத்து விருந்தாளி வாசல்படி மிதித்தால், வாய் தானாகச் சொல்லிவிடுகிற வார்த்தை அது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது ஐந்து நாட்டுக்கோழி. ஐந்தின் காலிலும் வளையம்.

"சரிங்க, சாப்பிடுறேன்" என்று அதர்வன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒன்றும் கபடம் இல்லை. அதுதான் பின்னால் நிரஞ்சனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சங்கவி திருதிருவென்று விழித்தபடி சமையலறைக்குள் போனாள். அதர்வன் கூடத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். திரையில் கரட்டுப்புதூரின் படம் இருந்தது. ஊரின் நடுவே, திருகாணி போட்ட மாதிரி படிப்படியாக இறங்கும் பெரிய குழி ஒன்று வரையப்பட்டிருந்தது.

"இது எந்த ஊருங்க?" என்று நிரஞ்சனா கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "டாக்டர், உங்களுக்குப் புது பிளான் அனுப்பலையா?"

"எனக்கு எதுவும் வரலை."

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோபப்படாதீங்க. உங்க கோழிங்க அருமையா வேலை பார்த்திருக்கு. ஆனா கணக்கு உதைக்குது. நாப்பது கோழி ஒன்றரை வருஷத்துல சேர்த்ததை, ஒரு குழி ஒரே நாள்ல எடுத்துடும். அதனால கோழியை வெச்சு எடுக்கப் போறதில்லை. கோழியை வெச்சு இடத்தைக் கண்டுபிடிச்சாச்சு. தாசில்தார் எங்கெல்லாம் கொத்துச்சோ அங்கதான் குழி."

"கரட்டை உடைக்க மாட்டோம்னு சொன்னீங்களே!"

"நான் சொல்லலைங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார். அவர் இப்ப வேற கம்பெனியில இருக்கார்."

நிரஞ்சனா திரையில் இருந்த குழியைப் பார்த்தாள். ஊருக்கு நடுவில் கோழியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசியது அவள். வீடு வீடாகப் போய்க் கோழி கொடுத்தது அவள். இந்த ஊரை ஏமாற்றியது கம்பெனியாக இருக்கலாம், ஆனால் ஏமாற்றிய குரல் அவளுடையது. வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வெறும் வளையத்தை வெச்சு லைசென்ஸ் கொடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள்.

"அதெப்படிக் கொடுப்பாங்க? கோழி எங்க கொத்துச்சுன்னு வளையம் சொல்லும். என்னத்தைக் கொத்துச்சுன்னு வயிறுதான் சொல்லணும். வளையம் அறுபடாத கோழியைச் சாட்சி முன்னாடி திறந்து காட்டணும். வேற எந்தக் கோழி வயித்துலயும் போதுமான அளவு இல்லை. இந்த மாசத்தோட நம்ம அனுமதி முடியுது. விட்டா மறுபடி கிராம சபைக்கு வரணும்." அவன் உதட்டைப் பிதுக்கினான். "குழின்னு தெரிஞ்சப்பறம் எந்தக் கிராம சபை கையைத் தூக்கும்? அதான் என்னை ஓடு ஓடுன்னு அனுப்பியிருக்காங்க."

பிறகு கரட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். கோழியைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

நிரஞ்சனா எழுந்து சமையலறைக்குப் போனாள். சங்கவி அம்மிக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாங் கேட்டுச்சு அம்மிணி" என்றாள். "நம்ம ஊடு அந்தக் குழியில எத்தனாவது படியில வருது?"

"வீடே வராதுக்கா. அந்த இடத்துல ஆகாசம்தான் வரும்."

கொல்லைப்பக்கம் தாசில்தார் வெங்காயச் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அவரு கேக்கறது கோழி" என்று சங்கவி மெதுவாகச் சொன்னாள். "கோழி இல்லாமப் போச்சுன்னா?"

"நரி தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னா வளையத்தை வெச்சுத் தேடிக் கண்டுபிடிச்சிருவாங்க." நிரஞ்சனா அடுப்பைப் பார்த்தாள். காலிச் சட்டியைப் பார்த்தாள். "அக்கா, நாட்டுக்கோழி அடிக்கறேன்னு சொன்னீங்கல்ல?"

சங்கவிக்குப் புரிந்தது. கொல்லைக் கதவைத் திறந்து, தாசில்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் கோழி, மறு கையில் அரிவாள்மனை. அப்படியே நின்றாள். தாசில்தார் அவள் ஜாக்கெட் பித்தானைக் கொத்திப் பார்த்தது.

"என்னால ஆகாது அம்மிணி" என்று உடைந்துபோனாள். "நீ பண்ணு."

"என்னாலயும் ஆகாதுக்கா. முட்டையிலருந்து பொரிச்சு எடுத்தது நான்."

ஊரைக் காப்பாற்ற ஒரு கோழியை அறுக்கத் துணியாத இரண்டு பெண்பிள்ளைகள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் நிரஞ்சனாவுக்கு யோசனை பிறந்தது.

"ஃப்ரிட்ஜுல என்னக்கா இருக்கு?"

"காலேஜுலருந்து பையன் வருவான்னு பிராய்லர் ஒரு கிலோ வாங்கி வெச்சிருக்கறன். சிக்ஸ்டி ஃபைவ் போட." சொல்லிவிட்டு, நிரஞ்சனா எங்கே வருகிறாள் என்று தெரிந்ததும் சங்கவி பதறினாள். "ஐயையோ, வேண்டாஞ் சாமி! ஊட்டுக்கு வந்தவங்களுக்குப் பிராய்லரையா போடறது? நாட்டுக்கோழின்னு வாயால சொல்லிட்டு? வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்!"

"ஊரே போகப் போகுதுக்கா!"

"ஊரு போனாப் போகுது, பிராய்லர் போட்டாங்கற பேரு போகாதே!"

அதற்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வாக்குவாதத்துக்கு நேரமில்லை. நிரஞ்சனா தன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். சங்கவி கோழியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தாசில்தாரின் மஞ்சள் காலில் வளையம் பச்சையாக மினுங்கியது. அதை வெட்டினால் ஆய்வு மாதிரி என்று கோழி செல்லாது. மாதிரி செல்லாவிட்டால் பத்து வருஷ உழைப்பும் செல்லாது. நாளைக்கு ஒவ்வொரு கருத்தரங்கிலும், ஆராய்ச்சிக் கோழியைக் குழம்புக்கு விட்டுக்கொடுத்த டாக்டர் என்று அவளைக் காட்டிச் சிரிப்பார்கள். வேறு எந்தக் கம்பெனியும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள், பிறகு வெட்டினாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

தாசில்தாரைக் கொல்லைப்பக்கத்துச் சார்ப்புக் கொட்டகையில் ஒரு கூடைக்கு அடியில் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு இருட்டாக்கினார்கள். இருட்டினால் கோழிக்கு ராத்திரி, சத்தம் போடாது. சங்கவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிராய்லரைச் சட்டியில் போட்டாள். பாவம், தன் கைப்பக்குவம் முழுவதையும் அதில் கொட்டினாள். கொத்தமல்லியும் மிளகும் வறுத்து அரைத்தாள், தேங்காயை விழுதாக அரைத்தாள், சின்ன வெங்காயத்தை ஒரு படி உரித்தாள். பிராய்லர் என்ற உண்மையை மசாலாவுக்குள் புதைத்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

*

அதர்வன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"டாக்டர்! வளையம் அறுந்துட்டதா காட்டுதே! தாசில்தார் எங்க?"

சங்கவி கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். "தாசில்தாருங்களா? அடிச்சுக் கொழம்பு வெச்சாச்சுங்களே!"

வழியில் போன வெளியூர்ப் பால்காரர் இதைக் கேட்டு, சைக்கிளை நிறுத்தி, ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அதர்வன் அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். "நாட்டுக்கோழின்னீங்களே... அது இதுவா?"

"ஊட்டுல இருக்கறதுலயே கொழுத்தது அதுதானுங்க. இத்தனை தூரம் வந்தவங்களுக்கு நோஞ்சானையா அடிக்க முடியும்? நீங்களும் சரின்னீங்களே!"

"வயித்துல இருந்த கல்லு?"

"அதெல்லாம் அலசிக் குப்பைமேட்டுல கொட்டிட்டனுங்."

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். குப்பைமேட்டில் தெருவிலிருந்த கோழியெல்லாம் கூடி வெங்காயச் சருகை மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தன.

"போச்சு" என்றாள் நிரஞ்சனா. "பார்த்த உடனே முழுங்கற மாதிரி நான்தானே பண்ணி வெச்சேன். இனி எந்தக் கல்லு எந்த மண்ணுலருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது." நடிப்பு அவளுக்கு வராது. ஆனால் கண்ணில் தண்ணீர் நிஜமாகவே வந்தது. போனது நிஜம்தானே.

அதர்வன் அறுந்த வளையத்தை வாங்கிப் பார்த்தான். யாருக்கோ போன் செய்யப் போனவன், செய்யாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஆனது ஆச்சுங்" என்று சங்கவி அவன் முன்னால் வாழையிலையை விரித்தாள். "வவுறு என்ன பாவம் பண்ணுச்சு? கையைக் கழுவுங்கோ."

சோற்றின்மேல் குழம்பை ஊற்றினாள். கறியை அள்ளி வைத்தாள். நிரஞ்சனா எதிரே ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் சங்கவி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றான். "எங்க அம்மா இப்படித்தான் கொத்தமல்லி வறுத்துப் போடுவாங்க."

"தம்பிக்குச் சொந்த ஊரு மெட்ராஸுங்களா?"

"இல்லைங்க. பவானிக்கு மேக்கால ஒரு ஊர். நாங்களும் காடு, தோட்டம், கோழின்னு இருந்தவங்கதான்."

சங்கவியின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. நிரஞ்சனா ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மெட்ராஸ்காரன் நாக்கை ஏமாற்றலாம். பவானிக்காரன் நாக்கை ஏமாற்ற முடியுமா?

அதர்வன் இலையைப் பார்த்தபடியே பேசினான். "இப்ப அங்க ஊர் இல்லைங்க. குழிதான். நல்ல காசு கொடுத்தாங்க, குறை சொல்லக்கூடாது. அப்பா கோயமுத்தூர்ல ஒன்பதாவது மாடியில இருக்கார். பால்கனித் தொட்டியில வெண்டைக்காய் போட்டிருக்கார். காலைல எழுந்திரிச்சதும் அதுக்குத் தண்ணி ஊத்துவார். ஊத்தி முடிச்சிட்டா அன்னிக்கி வேலை முடிஞ்சுது. அப்பறம் சாயங்காலம் வரைக்கும் கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார்."

அவன் ஒரு காலெலும்பை எடுத்துக் கடித்தான். எலும்பு மொறுக்கென்று உடைந்தது. ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினான். உடைந்த எலும்பைத் திருப்பிப் பார்த்தான். பிறகு இலையோரத்தில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொல்லைப்பக்கத்திலிருந்து சத்தம் கிளம்பியது.

"கொக்... கொக்... கொக்கொக்கொக்-கெக்கே!"

கோழி கூப்பிடுவது வேறு, கொத்துவது வேறு, முட்டையிட்டுவிட்டுப் போடுகிற ஆர்ப்பாட்டம் வேறு. சாக்கும் இருட்டும் அதன் வாயைக் கட்ட முடியாது. தாசில்தார் தான் செய்த காரியத்தை ஊருக்கெல்லாம் அறிவித்தது. நிரஞ்சனா பொங்கி வந்த இருமலை இன்னும் பெரிதாக்கி இருமினாள். சங்கவி சொம்பைத் தவறவிட்டாள். அது உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அந்தச் சத்தம் போதாது என்று நினைத்தாளோ என்னவோ, தட்டையும் தவறவிட்டாள்.

"எல்லாக் கோழியும் குப்பைமேட்டுலதானே இருக்கு?" என்றான் அதர்வன்.

"இது... பக்கத்தூட்டுக் கோழிங்" என்றாள் சங்கவி. கொல்லையை அடுத்து வீடே கிடையாது. அந்தப் பக்கம் முழுக்க மரவள்ளிக் காடு.

அதர்வன் தலையை ஆட்டிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினான். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்து எழுந்தான். அடுத்து சார்ப்புக்குள் போய்ச் சாக்கைத் தூக்குவான் என்று நிரஞ்சனா காத்திருந்தாள். சாமி என்று யாரையும் கும்பிடாதவள், கரட்டின் மேல் இருந்த கருப்பராயனை அவசரமாக வேண்டிக்கொண்டாள்.

அவன் குழாயடியில் கையைக் கழுவினான். துண்டால் துடைத்தான். நேரே காரைப் பார்த்து நடந்தான். பெண்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள்.

"டாக்டர்" என்று கார்க் கதவைத் திறந்தபடி நின்றான். "ஆய்வு மாதிரிக் கோழி தவறுதலா விருந்துக்குச் சமைக்கப்பட்டதுன்னு எழுதுவேன். நானும் சாப்பிட்டேன்னு சேர்த்து எழுதிடுறேன். என் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நாலு நாள் சிரிப்பாங்க. உங்க பேர்தான் ரொம்ப கெட்டுப்போகும்."

"தெரியுங்க."

"அனுமதி முடிஞ்சிரும். இங்க மறுபடி வர மாட்டாங்க. கோழித் திட்டத்துக்கும் இனி காசு வராது."

"அதுவும் தெரியுங்க." சொல்லும்போது அவளுக்கு வலித்தது. ஆனால் காலையில் இருந்த வெட்கம் இப்போது இல்லை.

அதர்வன் அறுந்த வளையத்தை உள்ளங்கையில் உருட்டினான். "இது அறுந்ததுக்கும் நீங்க இலை போட்டதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம்கூட இல்லை" என்றான். அதுவரை இருந்த ஆபீஸ் பேச்சு அவன் வாயிலிருந்து நழுவியது. "ஒன்றரை வருசத்து நாட்டுக்கோழி அத்தனை வெரசா வேகுங்களாக்கா? எலும்பு வேற அப்பளமாட்ட நொறுங்குது."

சங்கவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சிரித்தான். வந்தபோது இருந்த களைப்பு முகத்தில் குறைந்திருந்தது. வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினான்.

சங்கவிக்கு அப்போதுதான் விஷயம் முழுதாக உறைத்தது. குழி போய்விட்டது என்பது அல்ல. பிராய்லர் என்று தெரிந்துகொண்டே ஒரு மனுஷன் அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறான் என்பது. அவமானம் தாங்காமல் காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்கோ. இன்னொருக்கா கட்டாயம் வரோணும். அப்பாவையுங் கூட்டிட்டு வாங்கோ, இங்க காடு நெறையக் கெடக்குது. நல்ல நாட்டுக்கோழியா அடிச்சு..."

அதோடு நின்றுவிட்டாள். கொல்லைப்பக்கத்தில் தாசில்தார் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"வர்றனுங்கக்கா" என்றான் அதர்வன். "அரிசியும்பருப்புஞ் சோறே போதுங்."